விளக்கமாறு நுழையாத சந்து

தம்பி,

மேஸ்திரி வந்துபோய் நான்கு நாள் ஆகிறது. நீ சொன்னபடியே கொல்லையை நீளம் அகலம் டேப் பிடித்து அளந்தார். அளந்து முடித்ததும் மாமரத்தடிக்குப் போய், பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, முழங்கால் உயரத்தில் மரத்தைச் சுற்றிக் கோடு போட்டார். "யக்கா, தம்பி போன்ல எல்லாம் சொல்லிருச்சு. பொங்கல் கழிச்சு மரம் அறுக்குற ஆளோட வந்துடறேன். இத எடுத்துட்டுத்தான் சிமெண்ட் தளம் போடணும். வேரு கெடந்தா ரெண்டே வருசத்துல தளத்தத் தூக்கி வெடிக்க வச்சிரும். மரம் நின்னா எலையும் நிக்காம கொட்டும். நீங்க மறுபடி சருகுல வழுக்கி விழுந்தீங்கன்னா தம்பி என்னத்தான் கேக்கும்" என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். டீ போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுக் கிளம்பினார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல என் வாய் எழவில்லை. ஏன் எழவில்லை என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ சிங்கப்பூரில் ஏதாவது ஒரு கட்டடத்தின் பத்தாவது மாடியில் நின்றுகொண்டு, "சரிம்மா, விடும்மா, பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்து, பொறுத்துக்கொள். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பிவிடுவேன்.

ஐப்பசியில் நான் விழுந்தது சருகு வழுக்கி இல்லை. அது உன்னிடம் சொன்ன பொய். அன்றைக்கு விடிகாலையில் மழை சற்று விட்டிருந்தது. விளக்கமாற்றை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். ஆவணியில் நீ வந்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூட்டினது போதும்மா. இனிமே கொல்லையில வெளக்கமாத்தத் தொடமாட்டேன்னு சொல்லு" என்று கேட்டாய். நானும் சொன்னேன். சொல்லிவிட்டு, நீ விமானம் ஏறிய மறுநாளே கூட்டினேன். தினமும் கூட்டினேன். கூட்டிக் கூட்டி ஒரு இலை இல்லாமல் வழித்துவைத்த களிமண் தரையில் மழை விழுந்தால் என்ன ஆகும்? பச்சைப் பாசி பிடித்து மழமழவென்று கிடந்தது. அந்த வெறுந்தரையில்தான் கால் வாரியது. இடது மணிக்கட்டு முறிந்த வலியை விட, உனக்குக் கொடுத்த வாக்கை மீறியது தெரிந்துவிடுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ போனில் கேட்டதும், துணி காயப்போடப் போனேன், சருகு வழுக்கிவிட்டது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ உடனே மரத்தின் மேல் கோபப்பட்டாய். வாய் பேசாத ஒன்றின் மேல் பழியைப் போடுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பார்.

நான் ஏன் அப்படிக் கூட்டினேன் என்று நீ கேட்க மாட்டாய், உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். பாதிதான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக நான் பெரிய வீட்டில் வேலை பார்த்தது தெரியும். அந்த வீட்டின் முன்வாசல் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்று வரை தெரியாது. கொல்லைப் படல் வழியாகப் போவேன், கொல்லைப் படல் வழியாகவே வருவேன். அங்கே ஏழு மாமரம், இரண்டு பலா. கூட்டி முடித்ததும் அந்த வீட்டு அம்மா வந்து நடந்து பார்ப்பார்கள். ஒரு இலை கிடந்தால் திட்ட மாட்டார்கள். அதன் பக்கத்தில் நின்று கால் கட்டைவிரலால் தொட்டுக் காட்டுவார்கள், அவ்வளவுதான். அந்தக் கட்டைவிரலைத் தாண்டி நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. நமக்கென்று இந்த வீடும் கொல்லையும் வந்தபோது, யாரும் வந்து காட்டுவதற்கு முன் நானே கூட்டிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி இருந்தது. கூட்டிய தரையைப் பார்க்கும்போது மார் நிமிரும். அது என் சொந்தப் பெருமை என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால், கட்டைவிரல் மட்டும் நம் கொல்லைக்கும் கூடவே வந்துவிட்டது போலத் தோன்றுகிறது.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. நீ காலேஜில் முதல் வருஷம் படித்தபோது போகிக்கு வந்திருந்தாய். மார்கழி முழுக்கக் கூட்டிச் சேர்த்த சருகு ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தது. கொளுத்தலாம் என்று நான் தீப்பெட்டியை எடுத்தபோது நீ, "அம்மா, நடவுக்கு முன்னாடி அப்பா பூவரசந் தழைய வெட்டிச் சொமந்து போய் வயல்ல மிதிக்கிறாரு. வயலுக்கு எலைய மிதிச்சுட்டு, கொல்லையில எலையக் கொளுத்துறமே, ஏன்?" என்று கேட்டாய். உன் அப்பா சிரித்தார். "நல்லா கேட்டான் பாரு" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, "படிச்ச திமிருல எனக்குப் பாடம் நடத்த வந்துட்டியா" என்று கத்தினேன். உனக்கு முகம் சுருங்கிப்போனது. அதன்பிறகு நீ கொல்லையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. நாங்கள் இருவரும் ஊரான் வயலில் தொடை வரை சேற்றில் நின்று தழை மிதித்தவர்கள். மூன்றாம் நாள் அந்தச் சேறு கறுத்துப்போய் நாற்றமடிக்கும், அது நல்ல நாற்றம், பயிர் பச்சை கட்டும் நாற்றம் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்த விஷயம் வயல் வரப்போடு நின்றுவிட்டது. வீட்டுக்கு வரும்போது அதைக் காலோடு கழுவிவிட்டு வந்திருக்கிறோம். அந்தக் கேள்விக்கு இத்தனை வருஷம் கழித்து பதில் தேடியிருக்கிறேன், தம்பி.

மாவுக்கட்டு போட்ட ஆறு வாரமும் எனக்கு வேலை இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியைக் கொல்லை வாசலில் போட்டு உட்கார்ந்திருப்பேன். முதல் வாரம் சருகு விழுவதைப் பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் அரித்தது. எழுந்து போய்க் காலாலாவது ஒதுக்கிவிடலாமா என்றிருக்கும். இரண்டாவது வாரம், வேறு வழியில்லாமல், பார்க்க ஆரம்பித்தேன். பார்க்க ஆரம்பித்த பிறகு சலிப்பே இல்லை. முருங்கை இலை விழுந்த சுவடே தெரியாமல் ஒரு வாரத்தில் காணாமல் போகிறது. கொய்யா இலை ஓரம் கடிபட்டு, ஓட்டை விழுந்து, மெதுவாகக் கரைகிறது. மா இலைக்குத்தான் பிடிவாதம் அதிகம். தோல் மாதிரி அப்படியே கிடக்கும். நான் வலது கையால் குச்சி ஒன்றை எடுத்து, ஒரே நாளில் விழுந்த மா இலை பத்தை ஒரு செங்கல்லுக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்து, தினம் காலையில் போய்ப் பார்த்தேன். நீ சின்ன வயதில் பென்சிலைத் தொலைத்துவிட்டுத் தேடுவாயே, அந்த மாதிரி குனிந்து பார்த்தேன். இலைக்கு அடியில் மரவட்டைகள் சுருண்டு கிடந்தன. மண்புழு கழித்துப்போட்ட மண் இடியாப்பம் பிழிந்து வைத்ததுபோலச் சின்னச் சின்னக் குவியலாக இருந்தது. இலைக்கும் இலைக்கும் நடுவில் வெள்ளை நூல் ஓடியது. சிலந்தி வலை என்று நினைத்துக் கையில் எடுத்தால், மழைக்கு முளைக்கும் காளான் வாசனை. யார் கூப்பிட்டு இவை எல்லாம் வந்தன? நான் கூட்டிய காலத்தில் இவை எங்கே போய் இருந்தன? இந்த வயதில் எனக்கு இப்படிக் கேள்வி வருவதே ஆச்சரியமாக இருந்தது.

குளியலறைச் சுவருக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்குச் சந்து இருக்கிறதே, ஞாபகம் இருக்கிறதா? உன் பந்து போய் விழுந்தால் எடுக்க முடியாமல் அழுவாயே, அதுதான். விளக்கமாறு நுழையாத இடம். என்னால் கூட்ட முடியாத ஒரே இடம் என்பதால் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டிருந்தேன். கட்டுப் பிரித்த மறுநாள், கை தேறியிருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில், வேலியோரம் உட்கார்ந்து சந்துக்குள் கையை விட்டேன். மேலே புதுச் சருகு. அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிச்சமிருந்த இலைகள், வலை மாதிரி, கண்ணுக்கு நேரே பிடித்தால் வானம் தெரிகிறது. அதற்கும் கீழே இலை என்றும் சொல்ல முடியாது, மண் என்றும் சொல்ல முடியாது, கறுப்பாக, ஈரமாக, பிசைந்தால் பொலபொலவென்று உதிர்கிறது. நம் கொல்லை மண் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மழைக்குச் சப்பாத்தி மாவு, வெயிலுக்கு ஓடு. அதே கொல்லையில் இரண்டு எட்டு தள்ளி இப்படி ஒரு மண். ஒரு பிடி அள்ளலாம் என்று இழுத்தபோது வரவில்லை. தலைமுடி மாதிரி மெல்லிசான வேர்கள், நூறு இருக்கும், கீழேயிருந்து மேலே ஏறி வந்து அந்த மட்கிய இலைகளைப் பின்னிப் பிடித்திருந்தன. வேர் கீழ்நோக்கித்தான் போகும் என்று நான் நினைத்திருந்தேன். தான் போட்ட இலையைத் தேடி மேலே ஏறி வந்திருக்கிறது தம்பி, இந்த மரம். நான் கையை எடுத்துவிட்டேன். சாப்பிடுகிறவர்களின் தட்டில் கை வைத்த மாதிரி இருந்தது.

இதை யாரிடம் கேட்பது? உன்னிடம் கேட்டால் பொய் வெளிவந்துவிடும். வீட்டில் தாவரவியல் படித்தவள் ஒருத்திதான், உன் பெண்டாட்டி. சுகன்யாவுக்கும் எனக்கும் பேச்சு எப்படி என்று உனக்குத் தெரியும், ஏன் அப்படி ஆனது என்று தெரியாது. கல்யாணமான முதல் பொங்கலுக்கு இங்கே வந்தபோது அவள் ஒரு நாள் காலையில், "அத்தை, ஏன் எல்லாத்தையும் கூட்டி எரிக்கிறீங்க? மரத்தடியிலயே விட்டுடுங்களேன், மரத்துக்கு நல்லது" என்றாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அஞ்சலையிடம் போய், "சோம்பேறித்தனத்துக்கு எங்க மருமக ஒரு பேரு வச்சிருக்கா பாரு" என்று சொன்னேன். பக்கத்து வீட்டு அஞ்சலை வாயில் போன விஷயம் தெருவைச் சுற்றி, தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அவள் காதுக்கே வந்தது. அதன்பிறகு அவள் இங்கே இரண்டு நாளுக்கு மேல் தங்கியதில்லை. உன்னிடம் ஒரு நாளும் சொல்லியிருக்க மாட்டாள். அந்தப் பெண்ணின் குணம் அது. அவளுக்குத்தான் போன மாதம் போன் போட்டேன். "சுகன்யா, மாமரத்து வேரு மேல ஏறி வருமா?" என்றேன். "அத்தை, நீங்களா கேக்குறீங்க?" என்றாள். பிறகு அரை மணி நேரம் பேசினாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன், பிழை இருந்தால் அவளிடமே கேட்டுக்கொள். நம்மைப்போல வெயிலும் மழையும் சேர்ந்து அடிக்கும் ஊர்களில் எதுவும் சீக்கிரம் மட்கிவிடுமாம். மட்கியதில் இருக்கும் சத்தை அப்படியே விட்டால் அடுத்த மழை கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் மரம் காத்திருப்பதில்லை. மேலாகவே வேரைப் பரப்பி, இலை மட்க மட்க வாங்கிக்கொள்கிறது. அந்த வெள்ளை நூல் பூஞ்சை. அதுவும் மரவட்டையும் புழுவும் இலையைப் பிரித்துக் கொடுக்கின்றன. அதற்கு முன்னாலேயே, இலை பழுக்கும்போது, அதிலிருக்கும் சத்தில் கொஞ்சத்தை மரம் தனக்குள் இழுத்துக்கொண்டுதான் இலையை விடுகிறதாம். அதனால்தான் உதிர்கிற இலை மஞ்சளாக இருக்கிறது, நாம் வயலில் மிதித்த பச்சைத் தழை சீக்கிரம் மட்கியது, சருகு நாளெடுக்கிறது. "அப்ப நான் கொளுத்துனது?" என்று கேட்டேன். "தழைச்சத்து முக்காவாசி பொகையோட போயிடும் அத்தை. சாம்பல்ல கொஞ்சம் நிக்கும், அதையும் மழை அடிச்சிட்டுப் போயிடும்" என்றாள். இருபது வருஷத்துக்கு மேலாக நான் அந்த மரத்தின் சாப்பாட்டை அது பார்க்கப் பார்க்க எரித்திருக்கிறேன். காய் சிறுத்துப்போகிறது, பிஞ்சு உதிர்கிறது என்று கடையில் உர மூட்டை வாங்கியும் போட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதோடு அஞ்சலையிடம் பேசியதையும் சொல்லி மன்னிப்பு கேட்டேன். "அதெல்லாம் நான் அன்னைக்கே விட்டுட்டேன் அத்தை" என்றாள். விடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இப்போது இரண்டு நாளுக்கு ஒரு தரம் நான் போட்டோ அனுப்புகிறேன், அவள் பதில் அனுப்புகிறாள். நான் விழுந்த கதையை நானே உன்னிடம் சொல்லும்வரை சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். அவள் மேல் கோபப்படாதே.

எல்லாமே எனக்குச் சாதகமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. சந்துப் பக்கத்துக் கிளைதான் ஒவ்வொரு வருஷமும் நிறையக் காய்க்கிறது, அங்கே சருகு கிடப்பதால்தான் என்று நான் பெருமையாகச் சொன்னேன். "அது வெயில் நல்லா விழற பக்கமா இருக்கும் அத்தை, அத வச்சு அப்படிச் சொல்ல முடியாது" என்று சுகன்யா ஒரே போடாகப் போட்டாள். வீட்டுச் சுவரை ஒட்டிக் குவித்தால் கறையான் வரும், மரத்தின் தண்டை ஒட்டிக் குவித்தாலும் ஆகாது, நான்கு விரல் தள்ளித்தான் பரப்ப வேண்டும் என்றாள். பூச்சி பொட்டு பயம் எனக்கும் உண்டு. அதனால் குளியலறைக்குப் போகும் பாதையில் உன் அப்பா மிச்சம் வைத்துவிட்டுப் போன செங்கல்லைப் பதித்துக்கொண்டேன். அந்த ஒற்றையடிப் பாதையை மட்டும் துடைப்பேன். மற்ற இடமெல்லாம் மெத்தை மாதிரி சருகு. நேற்று பெய்த மழையில் வேண்டுமென்றே அதன் மேல் நடந்து பார்த்தேன். வழுக்கவில்லை. அஞ்சலை வேலிக்கு அந்தப்பக்கமிருந்து எட்டிப்பார்த்து, "என்னக்கா, கொல்லை காடாக் கெடக்கு, இன்னும் ஒடம்பு முடியலையா?" என்றாள். "ஒடம்பு நல்லாத்தான் இருக்கு, இப்பத்தான் நல்லா இருக்கு" என்றேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனாள். நாளைக்குத் தெருவில் என்ன கதை போகுமோ.

மேஸ்திரியை நானே போன் போட்டு நிறுத்தியிருக்கலாம். மனம் வரவில்லை. பெரிய வீட்டுப் படலுக்கு வெளியே என் வேலை முடியும்வரை நின்றுகொண்டிருப்பாயே, அந்தக் கண்ணோடுதான் நீ இந்தச் சிமெண்ட்டைப் போட நினைத்தாய் என்று எனக்குத் தெரியும். அம்மா இனிக் குனியக் கூடாது என்று ஒருத்தன் நினைப்பதற்கு எத்தனை பேர் கொடுத்துவைத்திருப்பார்கள்? அதை நான் தட்டிவிட்டேன் என்று இருக்கக் கூடாது. என் பொய்யின் மேல் நீ போட்ட ஏற்பாடு இது. உண்மையைத் தெரிந்துகொண்டு நீயே உன் வாயால் வேண்டாம் என்று சொல். இல்லை, மரத்தை எடுக்கத்தான் வேண்டும் என்று அப்போதும் உனக்குத் தோன்றினால், ஒரு தரம் நேரில் வந்து அந்தச் சந்துக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் சொல். இன்னும் நாள் இருக்கிறது. நுனிக் கிளைகளில் பூ மொட்டு கட்ட ஆரம்பித்திருக்கிறது, சாக்பீஸ் கோடு பனியிலும் நேற்றைய மழையிலும் பாதி அழிந்துவிட்டது. நான் தொடவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் என் நல்லதுக்கென்று எதையாவது செய்யப் போகிறாய் என்றால், முதலில் என்னிடம் ஒரு கேள்வி கேள். அன்றைக்குப் போகியில் கேட்டாயே, அது மாதிரி. இந்தத் தரம் கத்த மாட்டேன்.

அப்புறம், நீ பயப்படுகிற விஷயம். கொல்லை விளக்கமாறு இப்போது வீட்டில் இல்லை. சுகன்யாவிடம் பேசிய அன்றைக்கே அதன் கயிற்றை அவிழ்த்து, ஈர்க்கு முழுவதையும் மரத்தடியில் பரப்பிவிட்டேன். பாதையைத் துடைக்க ஒரு பழைய துணியே போதும். எந்த இலை எத்தனை நாளில் மட்குகிறது என்று பார்த்தாயிற்று, இது எத்தனை நாள் எடுக்கும் என்று தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். ரொம்பக் கெட்டி. மேல் நுனி மட்டும் லேசாகக் கறுத்திருக்கிறது. நேற்று ஒரு ஈர்க்கைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் ஒரு வெள்ளை நூல் வந்து தொட்டிருந்தது.

அம்மா